கடல்நீர் புகுந்த படகு என்ஜின்: முதலில் சாவியைத் தொடாதீர்கள்

பாகான் டாலாம்: பிறை ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய பாகான் டாலாம் மக்களுக்குப் படகு புதிதல்ல. படகை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கு டீசல் என்ஜின்தான் முதல். அதற்குள் கடல்நீர் புகுந்தால் வருமானம் நின்றுவிடும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி பினாங்கில் 52 உயிர்களைப் பறித்ததோடு, மீனவர்களின் படகுகளையும் என்ஜின்களையும் நாசமாக்கியது.

ஆனால், என்ஜின் கெடப் பேரலை வரவேண்டியதில்லை. பாய்மரப் படகுகளில் என்ஜின் பெரும்பாலும் நீர்மட்டத்திற்குக் கீழே இருக்கும். குளிர்விக்கும் கடல்நீர், புகைக்குழாய் வழியாகவே வெளியேறும். நீர் பின்னோக்கி இழுக்கப்படாமல் தடுக்கும் வால்வை உப்பு அடைத்துக்கொண்டால், அந்த நீர் சிலிண்டருக்குள் திரும்பிவிடும். ஸ்டார்ட் ஆகாத என்ஜினை விடாமல் சுற்றுவதும் இதே ஆபத்தைத் தரும்.

நீர் புகுந்தது தெரிந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எண்ணெய் அளவு கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ அளவு கூடியிருந்தாலோ உள்ளே நீர் இருக்கிறது.

செய்ய வேண்டியவை:

1. பேட்டரி இணைப்பைக் கழற்றி, கடல்நீர் வரும் வால்வை மூடவும்.

2. என்ஜின் மூழ்கியிருந்தால் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவவும். ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பவும்.

3. பழைய எண்ணெயை முழுதும் வடிக்கவும். நீர் கனமானது என்பதால் முதலில் அதுவே வரும்.

4. இன்ஜெக்டர்களைக் கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றி, சிலிண்டரில் உள்ள நீரை வெளியேற்றவும். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் ஊற்றி மீண்டும் சுற்றவும்.

5. டீசல் தொட்டியின் அடியில் தங்கிய நீரை வடித்து, ஃபில்டர்களை மாற்றவும்.

6. புது எண்ணெய் ஊற்றி, கடல்நீர் வால்வைத் திறந்து, சிறிது நேரம் ஓட்டி, சூட்டோடு வடிக்கவும். பால் நிறம் மறையும்வரை எண்ணெயையும் ஃபில்டரையும் திரும்பத் திரும்ப மாற்றவும்.

காலம்தான் முக்கியம். உப்புநீர் பட்ட இரும்பு காற்றுப் பட்டதும் துருப்பிடிக்கும். மெக்கானிக் வரத் தாமதமானால், நீரை வடித்துவிட்டு என்ஜினுக்குள் டீசல் அல்லது எண்ணெய் நிரப்பி வைப்பது நல்லது.

வடித்த எண்ணெயை ஆற்றிலோ கடலிலோ கொட்டக்கூடாது. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது அட்டவணையிடப்பட்ட கழிவு. அந்த ஆற்றில்தான் நாளை மீண்டும் வலை வீச வேண்டும்.