இடிந்துகொண்டே நிற்கும் ஏழு சகோதரிகள்

இங்கிலாந்தின் வெள்ளைப் பாறைகள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டோவர். ஆனால் சினிமாவில் டோவர் என்று காட்டப்படும் இடம் எப்போதும் டோவர் அல்ல! கெவின் காஸ்ட்னர் நடித்த 'ராபின் ஹூட்: பிரின்ஸ் ஆஃப் தீவ்ஸ்' (1991) படத்தில் நாயகன் வந்து இறங்கும் டோவர் கடற்கரை உண்மையில் சசெக்ஸ் பகுதியிலுள்ள 'செவன் சிஸ்டர்ஸ்'. ஏழு சகோதரிகள் என்று பொருள். அலை அலையாக ஏறி இறங்கும் வெள்ளைச் சுவர், அதன் உச்சியில் பச்சைப் புல், மேயும் ஆடுகள். வேறு எதுவும் இல்லை.

இந்த வெறுமை தானாக வந்ததல்ல. இதற்குப் பின்னால் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்று, இங்கே வீடு கட்ட விடக் கூடாது. மற்றொன்று, கடல் பாறையைத் தின்பதைத் தடுக்கக் கூடாது. இந்தப் பாறைகளின் மேல் ஒரு நாள் நடந்துவரத் திட்டமிடுபவர் உண்மையில் இந்த இரண்டு முடிவுகளின் மேல்தான் நடக்கப் போகிறார்.

ஒரு நாள், 22 கிலோமீட்டர்

வழக்கமான பாதை சீஃபோர்டு ஊரில் தொடங்கி ஈஸ்ட்போர்னில் முடிகிறது. ஏறக்குறைய 22 கிலோமீட்டர். இரண்டு ஊர்களிலும் ரயில் நிலையம் உண்டு. லண்டன் விக்டோரியா நிலையத்தில் ஏறி லூயிஸில் வண்டி மாறினால் சீஃபோர்டு. திரும்பும்போது ஈஸ்ட்போர்னிலிருந்து நேராக லண்டன் வரலாம். மேற்கிலிருந்து கிழக்காக நடப்பதில் ஒரு வசதி இருக்கிறது. இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான் வீசும். அது முதுகில் தள்ளும், முகத்தில் அறையாது.

தூரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஏழு குன்றுகளையும் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். மழை பெய்தால் சுண்ணாம்புத் தரை சோப்பு போல வழுக்கும். நிழல் கிடையாது. ஜூனில் பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது.

சாக்பீஸ் மலை

இந்தப் பாறை சீமைச் சுண்ணாம்பு. அதாவது கரும்பலகையில் எழுதும் சாக்பீஸுக்குப் பெயர் கொடுத்த அதே 'சாக்'. (இன்றைய சாக்பீஸ்கள் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்யப்படுபவை என்பது வேறு விஷயம்.) டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இந்த இடம் கடலுக்கு அடியில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசிகளின் சுண்ணாம்பு ஓடுகள் கடலடியில் படிந்துகொண்டே வந்தன. ஆயிரம் ஆண்டுகளில் சில சென்டிமீட்டர்கள் மட்டுமே உயரும் அளவுக்கு மெதுவான வேலை! இடையிடையே கறுப்புக் கோடுகளாகத் தெரிபவை சிக்கிமுக்கிக் கற்கள்.

ஏழு மேடுகள் வந்ததற்கும் காரணம் உண்டு. பனியுகத்தில் நிலம் உறைந்து கிடந்தபோது, கோடையில் உருகிய நீர் மண்ணுக்குள் இறங்க முடியாமல் மேற்பரப்பில் ஓடிப் பள்ளத்தாக்குகளை அரித்தது. பின்னாளில் கடல் வந்து அந்த மேடு பள்ளங்களைக் கத்தியால் வெட்டியது போலக் குறுக்கே நறுக்கிவிட்டது. வெட்டுமுகம்தான் இன்று தெரியும் அலைவடிவம்.

முக்கியமான விஷயம் இதுதான். பாறை வெள்ளையாக இருப்பதே அது இடிந்துகொண்டிருப்பதால்தான். கடல் அடியை அரிக்க அரிக்க மேற்பகுதி சரிந்து புதிய முகம் வெளிப்படுகிறது. இடிவது நின்றால் சில ஆண்டுகளில் புல்லும் செடியும் படர்ந்து வெள்ளை மறைந்துவிடும்.

கக்மியர் ஆற்றைச் சுற்றி

சீஃபோர்டிலிருந்து ஏறி இறங்கியதும் கக்மியர் ஆறு கடலில் கலக்கும் இடம் வருகிறது. ஏழு சகோதரிகளை முழுமையாகப் பார்க்கச் சிறந்த இடம் இதுதான். எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் முகத்துவாரத்தில் பாலம் இல்லை. உள்ளே எக்சீட் பாலம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். திட்டத்தில் இந்தச் சுற்றைச் சேர்க்க மறந்தால் கணக்கு தவறிவிடும்.

எக்சீட் ஒரு காலத்தில் தேவாலயம் கொண்ட கிராமம். 14ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோயும் பிரெஞ்சுக்காரர்களின் தாக்குதல்களும் அதைக் காலி செய்துவிட்டன. ஆளரவமற்ற இந்தக் கழிமுகம் 18ஆம் நூற்றாண்டில் கள்ளக்கடத்தல்காரர்களுக்கு வசதியானது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கே இரவில் விளக்குகளை எரியவிட்டார்கள். பக்கத்துத் துறைமுகமான நியூஹேவன் இதுதான் என்று ஜெர்மானிய விமானிகளை ஏமாற்றத்தான் இந்த ஏற்பாடு! அந்தக் காலத்துக் காங்கிரீட் காவல் அரண்கள் இன்னும் நிற்கின்றன.

மனை வியாபாரத்திலிருந்து தப்பிய கதை

முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கடற்கரைக்கு வந்த ஆபத்து கடலிலிருந்து வரவில்லை. இதே பாறைத்தொடரில் மேற்கே, 1916இல் சார்லஸ் நெவில் என்ற தொழிலதிபர் பீஸ்ஹேவன் என்ற ஊரைத் தொடங்கினார். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மனைகளாக விற்றார். பாறை விளிம்பு வரை வீடுகள் முளைத்தன. அடுத்தது ஏழு சகோதரிகள்தான் என்ற பயம் பரவியது.

1923இல் தொடங்கப்பட்ட 'சொசைட்டி ஆஃப் சசெக்ஸ் டவுன்ஸ்மென்' என்ற அமைப்பு, சகோதரிகளின் மேலுள்ள க்ரோலிங்க் நிலம் வீட்டுமனைகளாகப் போகாமல் காக்க 1926இல் நிதி திரட்டியது. நிலம் வாங்கப்பட்டு நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையிடம் சேர்ந்தது. ஈஸ்ட்போர்ன் நகராட்சியும் அதே 1926இல் தனிச் சட்டம் பெற்று, 1929இல் பீச்சி ஹெட் உள்பட ஏறத்தாழ 4,000 ஏக்கரைப் பொதுமக்களுக்காக வாங்கியது.

நடக்கும் வழியில் ஒரு நினைவுக்கல்லும் உண்டு. ராபர்ட்சன் குடும்பத்தின் இரண்டு சகோதரர்கள் முதல் உலகப் போரில் இறந்தார்கள். மூன்றாவது சகோதரர் தன் உயிலில் நேஷனல் டிரஸ்ட்டுக்குப் பணம் எழுதி வைத்தார். அவர்கள் நினைவாக நிலம் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பதே அவர் விருப்பம். சிலை வைப்பதைவிட இது எவ்வளவு பெரிய நினைவுச்சின்னம்!

பெர்லிங் கேப்: கணக்கின் மறுபக்கம்

ஏழாவது மேட்டைத் தாண்டி இறங்கினால் பெர்லிங் கேப். இங்கே தேநீர்க் கடையும், கடற்கரைக்கு இறங்கும் இரும்புப் படிக்கட்டும் உண்டு. அழகான கதையின் கசப்பான பகுதியும் இங்கேதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடலோரக் காவலர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள் இங்கே இருந்தன. கட்டியபோது விளிம்பு வெகு தூரத்தில் இருந்தது. பிறகு நெருங்கி வந்தது. வரிசையின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு வீடாக இடிக்க வேண்டியதாயிற்று. 2014 தொடக்கத்தில் வந்த புயல்களில், ஏழு ஆண்டுகளில் அரிக்க வேண்டியது இரண்டே மாதங்களில் போய்விட்டது என்றது நேஷனல் டிரஸ்ட். அந்த ஆண்டும் ஒரு வீடு இடிக்கப்பட்டது.

குடியிருந்தவர்கள் பாறையடியில் கற்களைக் கொட்டித் தடுப்புக் கட்டக் கேட்டார்கள். அனுமதி கிடைக்கவில்லை. தடுத்தால் பாறையின் வெள்ளையும் போகும், சரிந்த கற்களால் உருவாகும் கடற்கரையும் போகும் என்பது மறுத்தவர்களின் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் உலகம் ரசிக்கும் காட்சிக்கு விலை கொடுத்தது அந்தச் சில குடும்பங்கள் என்பதையும் மறுக்க முடியாது.

இதில் மனிதனின் பங்கே இல்லையா? 2016இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பாறைகள் பல ஆயிரம் ஆண்டுகளாக ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மட்டுமே பின்வாங்கி வந்தன என்றும், கடந்த 150 ஆண்டுகளில் அது 22 முதல் 32 சென்டிமீட்டர் ஆகிவிட்டது என்றும் கணக்கிட்டது. பாறைக்குக் கேடயமாக இருந்த கூழாங்கல் கடற்கரை மெலிந்துபோனது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கரையோரம் வேறு இடங்களில் கட்டிய தடுப்புகள் கற்களின் நகர்வைக் குறைத்ததும் அதில் ஒரு பங்காக இருக்கலாம். ஓரிடத்தைக் காத்தால் இன்னோரிடம் தேய்கிறது.

இடம் மாறிய விளக்கு

அடுத்த ஏற்றத்தில் 'பெல் டூட்' கலங்கரை விளக்கம். 1834இல் ஏற்றப்பட்டது. பாறையின் உச்சியில் இருந்ததால் மூடுபனி அடிக்கடி ஒளியை மறைத்தது. விளிம்பும் தேய்ந்துகொண்டே வந்தது. அதனால் 1902இல் கீழே கடலிலேயே சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடு இன்று நிற்கும் புதிய விளக்கம் கட்டப்பட்டது.

கைவிடப்பட்ட பழைய விளக்கம் பின்னர் வீடாக மாறியது. 1999இல் விளிம்பு வாசலுக்கே வந்துவிட்டது. ஏறக்குறைய 850 டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே ஜாக்கிகளால் தூக்கி, தண்டவாளம் போன்ற பாதையில் 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள்! தேவைப்பட்டால் மறுபடியும் நகர்த்தும் வகையில்தான் புதிய அடித்தளம் அமைந்திருக்கிறது.

பீச்சி ஹெட்

கடைசி ஏற்றம் பீச்சி ஹெட். 162 மீட்டர், பிரிட்டனின் மிக உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை. 'அழகிய முனை' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லே திரிந்து 'பீச்சி' ஆனது. 1690இல் இதன் எதிரே நடந்த கடற்போரில் ஆங்கில, டச்சுக் கப்பல்களைப் பிரான்ஸ் தோற்கடித்தது. 1895இல் மார்க்ஸின் தோழர் ஏங்கெல்ஸின் சாம்பல், அவர் விரும்பியபடியே இந்தக் கடலில் கரைக்கப்பட்டது. அவருக்குக் கல்லறை கிடையாது. 2001இல் இங்கே 'டெவில்ஸ் சிம்னி' என்ற பாறைத்தூண் மொத்தமாகச் சரிந்தது.

போகிறவர்கள் கவனத்துக்கு

விளிம்பிலிருந்து பல மீட்டர் தள்ளியே நடக்க வேண்டும். மேலே புல்தரை உறுதியாகத் தெரிந்தாலும் அடியில் பாறை இல்லாமல் இருக்கலாம். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. போட்டோவுக்காக ஓரத்தில் நின்று உயிரிழந்தவர்கள் உண்டு. கீழே கடற்கரையில் நடப்பவர்கள் கடல் ஏறும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறிவிட்டால் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே மாட்டிக்கொள்ள நேரிடும். பாறையடியில் உட்காரவே கூடாது. எக்சீட், பெர்லிங் கேப் இரண்டிலும் தண்ணீர் நிரப்பிக்கொள்வது நல்லது.

இன்னொன்று, பழைய வரைபடத்தை நம்பக் கூடாது. அதில் விளிம்போரமாகக் காட்டப்பட்ட பாதை இன்று காற்றில் இருக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் மக்கள் காசு சேர்த்து வாங்கிய புல்வெளியில் ஒரு பகுதி ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டது. இருந்தும் அவர்கள் வாங்கியது வீண் போகவில்லை. உள்ளே தள்ளித் தள்ளிப் போட இடம் இருப்பதால்தான் இன்றும் அங்கே பாதை இருக்கிறது. விளிம்பு வரை வீடு கட்டிய ஊருக்குப் பின்வாங்க இடம் ஏது?