முஞ்சிறைச் சபையும் பாறசாலைப் பஞ்சாயத்தும்

கிராம ஆட்சி என்று பேச்சு வந்தால் நம்மவர்கள் உடனே உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். குடவோலை முறை, பராந்தக சோழன், 919, 921 என்று ஆண்டுகளோடு ஒப்பிப்பார்கள். பெருமைக்குரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனையோ மலர்களில் எழுதியாயிற்று. கிராமம் தன் குளத்தையும் ஏரியையும் எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதை அந்தக் கல்வெட்டு சொல்லுகிறது. தனக்கு மேலே இருந்த அரசிடம் அந்தக் கிராமத்தின் பேச்சு எடுபட்டதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, முப்பது வருஷத்துக்கு மேலாக நான் ஆரணி அரிசி விற்றுவரும் நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களைப் பார்க்க முயன்றிருக்கிறேன்.

சமணனாகப் பிறந்தவன் இந்தப் பக்கம் வந்தால் முதலில் சிதறால் மலைக்குத்தான் போவான். நானும் போனேன். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி பகவதிக்குப் பொன்னணி கொடுத்த செய்தி அங்கே கல்லில் இருக்கிறது. அந்த ஆய் மன்னர்களைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் பார்த்திவபுரம் செப்பேடு கண்ணில் பட்டது. கி.பி. 866. மன்னன் கோக்கருநந்தடக்கன் ஒரு விண்ணகரமும், 95 மாணவர்கள் படிக்கும் ஒரு சாலையும் நிறுவ நினைத்தான். நிலம் முஞ்சிறைச் சபையாருடையது. மன்னன் பிடுங்கிக்கொள்ளவில்லை. வேறு நிலம் மாற்றாகக் கொடுத்துப் பெற்றுக்கொண்டான், அதைச் செப்பேட்டிலும் எழுதிவைத்தான். ராஜாவே ஆனாலும் ஊர்ச் சபையோடு உட்கார்ந்து பேசித்தான் காரியம் நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்த வட்டாரத்தில் கிடைக்காது. பாறசாலையிலிருந்து முஞ்சிறை அப்படி ஒன்றும் தூரமில்லை.

அதே சமயம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சபையில் இருந்தவர்கள் நிலமுடைய அந்தணர்கள். வயலில் நின்றவன் குரல் அதில் கிடையாது. ஊரின் குரல் என்பது ஊரார் எல்லாருடைய குரலும் அல்ல என்பதை மறந்துவிட்டுப் பழம்பெருமை பேசக்கூடாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகப் பேசியதன் காரணம் இதுதான். அதே மாதம் தமிழரான கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால்தான் பஞ்சாயத்து அரசியலமைப்பில் 40-ஆவது பிரிவாக நுழைந்தது. அதுவும் கட்டளையாக அல்ல, வழிகாட்டு நெறியாக.

திருவிதாங்கூரில் 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடியது. தாலுகாதோறும் நிலக்கிழார், வியாபாரி என்று ஆள் எடுத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் திருவனந்தபுரம் போய் திவானுக்கு முன்னால் குறைகளைச் சொல்லலாம். சட்டம் போடும் அதிகாரம் இல்லை, சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லலாம் என்பதற்குள் எவ்வளவு இருந்தது என்பதை நெய்யாற்றின்கரை தாலுகா வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி காட்டினார். 1910-களின் தொடக்கத்தில் நியமன உறுப்பினராகச் சபைக்குப் போன அவர், தம் மக்களுக்குப் புதுவல் நிலம் வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் கேட்டார். முஞ்சிறைச் சபையில் இடமில்லாதவர்களின் பேச்சு முதல் தடவையாக அரசின் பதிவேட்டில் ஏறியது.

இனி 1956-க்கு வருவோம். நம் வாசகர்கள் பலருக்கு இது சொந்தக் குடும்பக் கதையாகவே இருக்கும். நேசமணி அவர்கள் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவர் ஆணையம் 1955-இல் அறிக்கை தந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தை மட்டும் சென்னை மாநிலத்துக்குச் சிபாரிசு செய்தது. 1956 நவம்பர் 1 முதல் களியக்காவிளை இந்தப் பக்கம், பாறசாலை அந்தப் பக்கம்.

இதில் எந்த மொழிக்காரருக்கு நியாயம் கிடைத்தது என்ற வழக்கை நான் இங்கே திறக்கவில்லை. என் கவனம் கோடு போட்ட முறையில். ஆணையம் பொதுவாக மாவட்டத்தையே அலகாக வைத்துக்கொண்டது. இங்கே தாலுகா வரை இறங்கி வந்தது. கிராமம் வரை இறங்கவில்லை. இஞ்சிவிளைக்காரரிடம் யாரும் கேட்கவில்லை. அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவும் கேட்கச் சொல்லவில்லை. நாடாளுமன்றம் எல்லையை மாற்றலாம், மாநிலச் சட்டசபையின் கருத்தை மட்டும் பெற வேண்டும், அந்தக் கருத்துக்குக் கட்டுப்படவும் வேண்டாம். கிராமத்தை அலகாகக் கொள்ளவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. சில வருஷத்திலேயே வடக்கு எல்லையில் படாஸ்கர் அவர்கள் கிராமத்தையே அலகாக வைத்து ஆந்திர, சென்னை எல்லையைத் தீர்த்தார். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நமக்கு வந்தது அப்படித்தான்.

கோடு போட்டதோடு விஷயம் முடியவில்லை. நெய்யாறு திட்டம் மாநிலங்கள் பிரியும் முன்பே, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு இரண்டு தாலுகாவையும் மனதில் வைத்துத் தொடங்கப்பட்டது. இடதுகரைக் கால்வாய் கேரளத்துக் கிராமங்கள் வழியாக வந்து எல்லையைத் தாண்டி விளவங்கோட்டில் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாய வேண்டும். பல வருஷம் பாய்ந்தது. 2004 முதல் கேரளம் நிறுத்திவிட்டது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான நதியே அல்ல, ஒப்பந்தம் போட்டால்தான் தண்ணீர் என்பது அவர்கள் வாதம். தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றம் போனது.

விளவங்கோட்டு விவசாயி ஒருவர், எனக்கு நெடுநாள் பழக்கம், கடைக்கு வந்தவர் சொன்னார்: “அண்ணாச்சி, கால்வாய் கிடக்கு, வெள்ளந்தான் வரல்ல. அந்தப் பக்கத்து மெம்பர் நம்ம சம்பந்தக்காரருதான். அவருகிட்ட சொல்லலாம். அவரு யாருகிட்ட சொல்லுவாரு?”

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. 131-ஆவது பிரிவின்படி இந்த மாதிரி வழக்கில் மத்திய அரசும் மாநிலங்களும்தான் கட்சிக்காரர்கள். 1956-ஆம் ஆண்டின் நதிநீர்த் தகராறுச் சட்டத்தின்கீழ் மனுக் கொடுப்பதும் மாநில அரசு மட்டும்தான். 1990-இல் அமைத்த மாநிலங்களுக்கு இடையிலான மன்றத்தில் முதலமைச்சர்கள் உண்டு, பஞ்சாயத்து கிடையாது. இத்தனைக்கும், 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தத்தின் பதினோராவது அட்டவணையில், பஞ்சாயத்துக்கு ஒப்படைக்கத்தக்கவை என்று எழுதிய 29 இனங்களில் மூன்றாவதே சிறு பாசனமும் நீர் மேலாண்மையும்தான்.

அந்தத் திருத்தத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இடம், பெண்களுக்கு மூன்றில் ஒன்று (கேரளத்தில் 2009-இல் பாதியானது, தமிழ்நாட்டில் 2016-இல்) எல்லாம் அதனால் வந்தவை. அய்யன்காளி தனியாக நின்று பேசியதைப் பேச இன்று வார்டுக்கு ஒருவர் இருக்கிறார். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் கேரளம் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. நம் பக்கத்துக் கதையைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அதில் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். காலம் முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று 243இ பிரிவு சொல்லுகிறது. ஒரே ரோட்டில் அங்கே பிரசிடெண்ட், இங்கே அதிகாரி.

ஆக, பஞ்சாயத்துக்கு வேலை கொடுத்தார்கள், பணமும் ஓரளவு கொடுத்தார்கள். மேலே போய்ப் பேசும் வாசலை மட்டும் திறக்கவில்லை. முன்பு ஒரு சின்ன வாசல் இருந்தது. 171-ஆவது பிரிவின்படி, மேலவை உள்ள மாநிலத்தில் அதன் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சிக்காரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டு மேலவை 1986 நவம்பர் 1-இல் ஒழிந்தது. அதை மீட்க 2010-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும் நடக்கவில்லை. கேரளத்துக்கு மேலவையே கிடையாது. ஆகவே களியக்காவிளைக்காரருக்கு முப்பது வருஷம் இருந்து மூடிய வாசல், பாறசாலைக்காரருக்குத் திறக்கவேயில்லை. பெங்களூரில் இருக்கும் நம் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும், கர்நாடகத்தில் கிராம பஞ்சாயத்து மெம்பர்கள் ஓட்டுப் போட்டு 25 பேரை மேலவைக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தேர்தலில் பணம் விளையாடுகிறது என்ற பேச்சு உண்டு. ஓட்டாளர் எண்ணிக்கை குறைந்தால் விலை கூடும், இது வியாபாரிக்குப் புதிதல்ல. ஆனாலும் மெம்பரைத் தேடி ஒருவன் வரவாவது செய்கிறான்.

டெல்லியில் நிலைமை இன்னும் சுருக்கம். ராஜ்ய சபைக்கு எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுகிறார்கள், பஞ்சாயத்துக்குப் பங்கில்லை. பிரான்சில் செனட்டைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஊர்மன்றங்களின் பிரதிநிதிகள். அதனால் அங்கே சின்ன கிராமங்களுக்கு அளவுக்கு மீறிய பலம் என்று நகரத்தார் குறை சொல்லுகிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. தென் ஆப்பிரிக்கா 1996 அரசியலமைப்பில் நடுவழி ஒன்று கண்டது: மேலவையில் உள்ளாட்சி அமைப்பின் பத்துப் பேர் வரை உட்கார்ந்து பேசலாம், ஓட்டு மட்டும் இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. நம் பிரஜா சபையின் சாயல் இதில் இருக்கிறது.

வாசல் இல்லாததன் விலையை நான் என் தொழிலிலேயே பார்த்தேன். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது எல்லைச் சோதனைச் சாவடியில் லாரி நிற்பது ஒழிந்தது. வியாபாரிகளுக்கு நல்லதுதான், நானும் சந்தோஷப்பட்டேன். அதற்காக 2016-இல் செய்த 101-ஆவது திருத்தம் விளம்பர வரியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கேரளப் பஞ்சாயத்துகள் வசூலித்துவந்த வரி அது. கேளிக்கை வரியை மட்டும் உள்ளாட்சிக்கு விட்டுவைத்தார்கள். ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய, மாநில மந்திரிகள் இருக்கிறார்கள். வரியை இழந்த பஞ்சாயத்தின் சார்பில் பேச அங்கே ஒருவரும் இல்லை.

2007-இல் இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், உள்ளாட்சிகளே தேர்ந்தெடுக்கும் மேலவை ஒன்றை ஒவ்வொரு மாநிலத்திலும் அமைக்க வழிசெய்யலாம் என்று சிபாரிசு செய்தது. அறிக்கையோடு நின்றுபோயிற்று. எம்.எல்.ஏ.க்களுக்கு அதில் என்ன லாபம்? என் கருத்தில், அதற்குக் காத்திருப்பதைவிட முதலில் கேட்க வேண்டியது சின்னது. எல்லை மாற்றமோ, இரு மாநிலத் தண்ணீர்ப் பேச்சோ வந்தால், சம்பந்தப்பட்ட பஞ்சாயத்துகளின் தீர்மானத்தைப் பெற்று ஆவணத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு விதி.

அந்த விதி வரும் முன்னரும் ஒன்று செய்யலாம். பாறசாலை பிளாக் பஞ்சாயத்தும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அமர்ந்திருக்கும் காலத்தில் முஞ்சிறை ஒன்றியமும், இடதுகரைக் கால்வாய் பற்றி ஒரே வாசகத்தில் தனித்தனியே தீர்மானம் போட்டு இரண்டு தலைமைச் செயலகத்துக்கும் அனுப்பலாம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் நான் பார்த்தவரை இல்லை. பாறசாலைத் தமிழர்கள் அதற்கு ஆதரவாகத் திருவனந்தபுரத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது.