உயிரணு நூல்: கற்க ஒன்று, பார்க்க ஒன்று

மைசூரின் வடமேற்குப் புறத்தே ஹெப்பாள் என்னும் பகுதி உள்ளது. ஒரு பக்கம் ஏரி; மறு பக்கம் தொழிற்பேட்டை. அத்தொழிற்பேட்டையை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சில அங்கே உண்டு. என் அண்டை வீட்டு அன்பர் அத்தகையவர்; தருமபுரிப் பக்கத்தவர்; பட்டறைத் தொழிலாளி. அவருடைய மகள் இவ்வாண்டு உயிரியல் பட்ட வகுப்பிற் சேர்ந்திருக்கிறாள். கல்லூரியிற் கொடுத்த பட்டியலில் உயிரணுவியலுக்கு மட்டும் ஐந்து நூல்களின் பெயர்கள் இருந்தன. கடைக்காரர் எடுத்து வைத்ததோ, தூக்குவதற்கே இரு கை வேண்டிய ஒன்று. "ஐயா, இருப்பதிலேயே பெரியதாக இதையே வாங்கி விட்டால், படிப்பு முடியும் வரை வேறு செலவு இராதல்லவா?" என்று அவர் என்னைக் கேட்டார். அதன் விலை அவருடைய ஒரு மாத வீட்டு வாடகையை நெருங்கியது.

நான் கலைப் பட்டதாரி. மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன். விஞ்ஞானி கூறும் விடையை என்னாற் கூற இயலாது. ஆயினும் நூல்களுக்கும் பிறப்பு, வளர்ச்சி, முதுமை உண்டு. உயிரணு நூல்களின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் அந்த அன்பரின் கேள்விக்கு விடை அதிலேயே கிடைக்கிறது. நேயர்களுள் பலரும் பிற மாநிலங்களில் இருந்துகொண்டு தம் மக்களுக்கு நூல் வாங்கித் தருபவர்களாதலின், அவ்வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

1665ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பார் தக்கையின் மெல்லிய சீவலை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். தேனடை போன்ற சிற்றறைகளைக் கண்டு அவற்றிற்குச் 'செல்' எனப் பெயரிட்டார். அறை என்பதே அச்சொல்லின் பொருள். ஹாலந்து நாட்டுத் துணி வணிகர் லேவன்ஹூக் 1674இல் ஓர் ஏரியின் நீரை எடுத்துப் பார்த்து, அதில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். அதற்குப் பின் நூற்றறுபது ஆண்டுகள் கழித்தே, 1838இல் ஷ்லைடனும் 1839இல் ஷ்வானும், செடியாயினும் விலங்காயினும் உயிருடல் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்னும் கொள்கையை நிலைநாட்டினர். உயிரணு உயிரணுவிலிருந்தே தோன்றும் என்பதை வலியுறுத்திய விர்ச்சோவின் நூல் 1858இல் வெளிவந்தது. அது பெர்லின் நகரில் மருத்துவர்களுக்கு அவர் நிகழ்த்திய இருபது சொற்பொழிவுகளின் தொகுப்பாகும். நம் துறையின் மூல நூல்களுள் ஒன்று பேச்சாகப் பிறந்தது என்பது வானொலிக்காரர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக் கழகப் பேராசிரியர் எட்மண்ட் வில்சன் எழுதிய உயிரணு நூலும் வகுப்புச் சொற்பொழிவிலிருந்தே வளர்ந்தது. அதன் முதற் பதிப்பு 1896இல் வந்தபோது நானூறு பக்கங்களுக்கு உட்பட்டிருந்தது. மூன்றாம் பதிப்பு 1925இல் வந்தபோது ஆயிரத்து இருநூறு பக்கங்களைக் கடந்து விட்டது. ஆசிரியருக்கு அப்போது வயது அறுபத்தொன்பது. அவர் கற்றவை, மற்றவர் கண்டவை, கண்டவர்கள் தம்முள் மாறுபட்டவை யாவும் அதில் ஏறியிருந்தன. முதற் பதிப்பை மாணவன் தொடங்கி முடிக்க முடியும். மூன்றாம் பதிப்பை ஆராய்ச்சியாளன் வேண்டும்போது எடுத்துப் பார்ப்பான். ஒரே ஆசிரியர், ஒரே நூல். கற்கும் நூலாகப் பிறந்தது பார்க்கும் நூலாக மூத்தது. பெரிய நூல்கள் பலவற்றின் ஊழ் இதுவேயாகும்.

பார்ப்பதற்கென்றே பிறந்த நூலும் உண்டு. தலைச்சேரியிற் பிறந்து, சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். அவரும் டார்லிங்டன் என்னும் ஆங்கில அறிஞரும் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945இல் வெளியிட்டனர். அந்நூலை எவரும் முதலிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை. நிகண்டைப் போல வேண்டிய இடத்தைப் பார்த்து மூடுவர். ஆயினும் பல்லாண்டு ஆய்வகங்களின் மேசையில் அது இருந்தது. பார்க்கும் நூலின் இலக்கணத்திற்கு அதை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

குரோமோசோம் எண்ணிக்கை என்றதும், பாடநூல்களின் வரலாற்றிலே யாவரும் அறியவேண்டிய ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. மனிதனின் உயிரணுவில் குரோமோசோம்கள் எத்தனை? அமெரிக்க அறிஞர் பெயின்ட்டர் 1923இல் நாற்பத்தெட்டு என அறுதியிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரே நாற்பத்தாறா, நாற்பத்தெட்டா என்று ஐயுற்றவர். ஐயம் நீங்கியதும் நாற்பத்தெட்டு பாடநூல்களில் ஏறிற்று; ஒரு நூலைப் பார்த்து மறு நூல் எழுதப்பட்டது; மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வு எழுதினர். 1952இல் ஷூ என்னும் அறிஞர், உயிரணுவை நீர்த்த கரைசலில் ஊற வைத்தால் அது உப்பிக் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்காமல் விரிந்து தெளிவாகத் தெரியும் எனக் கண்டார். அவ்வாறு தெளிவாக விரிந்த பின்னும் அவரும் நாற்பத்தெட்டு என்றே எழுதினார்! கண் கண்டதைக் காட்டிலும் நூல் கூறியதற்கு வலிமை மிகுதியாக இருந்தது. ஜாவாவிற் பிறந்த டிஜியோ என்பாரும் லெவான் என்பாரும் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் மீண்டும் எண்ணி, 1956இல் நாற்பத்தாறே என வெளியிட்ட பின்னர்தான் அத்தவறு அகன்றது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! அவ்விடைக்காலத்திற் படித்த மருத்துவர்கள் எத்தனை பேர்!

ஆதலின் நூலை வாங்குமுன் முதற்பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பி, பதிப்பாண்டைப் பார்த்தல் கடன். அதுவும் போதாது. 'மறுபதிப்பு' வேறு, 'திருத்திய பதிப்பு' வேறு. பழைய அச்சையே மீண்டும் ஓட்டி ஆண்டை மட்டும் மாற்றிய நூல்கள் கடைகளில் உண்டு. பின் ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, மைட்டோகாண்டிரியா என வைத்துக்கொள்வோம், இரண்டு பக்கம் நின்றபடியே படிக்க வேண்டும். 'இது இத்தகையது' என்று மட்டும் கூறுகிறதா, அன்றி 'இன்னார் இவ்வாறு செய்து இதனைக் கண்டார்' என்றும் கூறுகிறதா? இரண்டாவது வகை நூலை வைத்திருப்பவனுக்குத்தான், நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தாலும் 'எப்படி எண்ணினார்கள்?' என்று கேட்கத் தோன்றும்.

உயிரணு நூல்களின் பெயர்களே காலத்தைக் காட்டும் கருவிகள். அர்ஜென்டைனா நாட்டின் டி ராபர்ட்டிஸ் என்பாரும் அவர் துணைவர்களும் 1946இல் ஸ்பானிய மொழியில் ஒரு நூல் எழுதினர். 1948இல் அது ஆங்கிலத்தில் வந்தபோது அதன் பெயர் 'பொது உயிரணு அமைப்பியல்' என்று பொருள்படுவது. மின்னணு உருப்பெருக்கி வந்தது. கிளாட், பலாடே, டி டூவ் ஆகியோர் உயிரணுவின் உள்ளுறுப்புகளைப் பிரித்துக் காட்டினர். 1974இல் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். இந்த மாறுதலுக்கேற்ப 1965ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு 'உயிரணு உயிரியல்' எனப் பெயர் பூண்டது. 1980இல் வந்த ஏழாம் பதிப்பு 'உயிரணு, மூலக்கூறு உயிரியல்' ஆயிற்று. நம் நாட்டுக் கல்லூரிகளில் ஒரு தலைமுறை அதனைப் படித்தே வளர்ந்தது. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. உலகப் பாடநூலாக விளங்கிய ஒன்று முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதன்று.

அதன் இடத்தை 1983இல் வந்த ஆல்பர்ட்ஸ் குழுவினரின் நூல் பெற்றது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது, ஆசிரியர் அறுவர், அவருள் வாட்சனும் ஒருவர். 2022இல் அதன் ஏழாம் பதிப்பு வெளியாயிற்று. கடைக்காரர் எங்கள் அன்பரின் முன் வைத்ததும் இதுவே. சிறந்த நூல் என்பதில் ஐயமில்லை. படங்கள் மட்டுமே பாதிப் பாடத்தைக் கற்பித்து விடும். ஆனால் அந்த ஆசிரியர்களே 1998இல், தொடக்க மாணவர்க்கென அதனினும் சிறிய நூல் ஒன்றைத் தனியே எழுதினர். பெரியதைச் செய்தவர்களே சிறியதும் வேண்டும் என்று கருதியது கவனிக்கத் தக்கது. இன்னும் ஒன்று. பெரிய நூலின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பை அமெரிக்க நாட்டு மருத்துவ நூலகம் தன் மின்தளத்திற் கட்டணமின்றி வைத்துள்ளது. ஆனால் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படிக்க இயலாது. ஒரு சொல்லைத் தேடி, அது வரும் பகுதியை மட்டுமே காணலாம். கற்க உதவாது, பார்க்க உதவும்!

இந்திய ஆசிரியர்களின் நூல்களைச் சிலர் இழிவாகப் பேசுவர், அது தகாது. அவை பாடத்திட்டத்தை ஒட்டியவை, விலை குறைந்தவை, தேர்வுக்குத் துணையானவை. எனினும் அவற்றுட் பலவற்றில் முடிவுகள் மட்டும் வரிசையாக நிற்கும். முடிவுக்கு வந்த வழி மறைந்திருக்கும்.

இனித் தமிழுக்கு வருவோம். எந்த நூலைத் தேர்வது என்னும் கேள்வி தமிழில் முதன்முதல் முனைப்பாக எழுந்தது யாழ்ப்பாணத்தில். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, மாணவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முதலில் மொழிபெயர்க்க எடுத்தது அக்காலத்துப் பெரு நூல்களில் ஒன்றன்று. பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என எழுதப்பட்ட கட்டர் என்பாரின் சிறு நூல். அதுவே 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. அறுவை மருத்துவத்திற்கு 'இரணவைத்தியம்' 1867இல் வந்தது. கிரே முதலியோரின் பேருடற்கூற்று நூல்களைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல்தான் வந்தது. சிறியது முன், பெரியது பின். கற்பதற்கு ஒன்று, பார்ப்பதற்கு ஒன்று என்னும் முறையை அவர் செய்தே காட்டியிருக்கிறார். கலைச்சொல்லுக்கும் அவர் ஒரு வரிசை வைத்திருந்தார்: தமிழில் உண்டா எனத் தேடு; இல்லையேல் வடமொழியில் தேடு; அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஈறு கொடுத்து ஏற்றுக்கொள். வேதியியலுக்கு அவர் வைத்த 'கெமிஸ்தம்' இம்மூன்றாம் வழியில் வந்தது.

தமிழ்நாட்டில் 1960களில் கல்லூரிப் பாடங்கள் தமிழில் வரத் தொடங்கியதும் தாவரவியல், விலங்கியல் நூல்கள் பல அரசு வெளியீடாக வந்தன. அவற்றுட் பல அண்மையில் மின்பதிப்பாகவும் கிடைக்கின்றன. உழைப்பு வணங்கத் தக்கது. ஆனால் உயிரணுவியல் போன்ற துறையில் அரை நூற்றாண்டுக்கு முந்திய நூல் கற்பதற்கு உரியதன்று. சொற்களைத் தேடுவதற்கு உரிய கருவூலம்.

சொற்களிலோ ஒருமைப்பாடு இன்னும் வரவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளி நூலில் செல், குரோமோசோம், மைட்டோகாண்டிரியா. இலங்கை நூலில் கலம், நிறமூர்த்தம், இழைமணி. தமிழ்நாட்டில் குன்றல் பிரிவு, இலங்கையில் ஒடுக்கற்பிரிவு. மைசூரில் வளரும் தமிழ்ச் சிறுமிக்கோ பள்ளியில் கன்னடத்தில் 'ஜீவகோச', கல்லூரியில் ஆங்கிலம், வீட்டிலே 'செல்' என்றால் தொலைபேசி! எனக்கு இலங்கைச் சொற்களின் மேல் ஒரு சாய்வு உண்டு. இழைமணி என்றவுடன் அவ்வுறுப்பின் உருவமே கண்முன் நிற்கிறது. ஆயினும் தேர்வு எழுதுவோர் தம் பாடநூலின் சொல்லையே எழுதட்டும்.

ஹெப்பாளிலிருந்து மானச கங்கோத்ரி அதிகத் தொலைவில்லை. மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் அவ்வளாகத்தில் விலங்கியல் துறையினர் பழ ஈக்களின் குரோமோசோம்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். அதே வளாகப் பகுதியில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் உள்ளது. 2008இல் தோன்றிய தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம் அங்கிருந்தே பணியாற்றி, உயர்கல்வி நூல்களைத் தேர்ந்து இந்திய மொழிகளில் பெயர்க்கிறது. ஒரு பெரு நூலை மொழிபெயர்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் மூலம் அடுத்த பதிப்புக்குப் போய்விடும். அதனால் தேர்வுக் குழு எதைப் பார்க்க வேண்டும்? என் கருத்து இது: பத்தாண்டில் மூக்காற் பங்கேனும் மாறாது நிற்கும் சிறிய நூலை முதலில் எடுக்க வேண்டும், பெரிய நூலுக்குப் பதில் நல்ல கலைச்சொல் அகராதி ஒன்று செய்து கொடுத்தால், மாணவன் ஆங்கிலப் பெரு நூலைத் தானே திறந்து பார்த்துக்கொள்வான். மானிப்பாய் மருத்துவரின் வரிசையும் இதற்கு மாறானதன்று.

அண்டை வீட்டு அன்பருக்கு இவ்வளவையும் கூறவில்லை. சிறிய நூலின் முந்திய திருத்திய பதிப்பைப் பழைய புத்தகக் கடையில் வாங்கச் சொன்னேன். பெரியதைக் கல்லூரி நூலகத்திற் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பாதி விலைக்குக் கிடைத்தது என்று மகிழ்ந்தார். சென்ற ஞாயிறன்று அவர் மகள் குறிப்பேட்டுடன் வந்தாள். ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே கன்னடச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள். மனிதனின் குரோமோசோம் நாற்பத்தாறு என்னும் வரிக்கு அருகே, 'எண்ணியது யார்?' என்று பென்சிலாற் குறித்திருந்தாள்.