கோடு போட்டது உடன்படிக்கை, நிலைக்க வைத்தது சட்டம்

இன்னைக்கு இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் இருக்கும் எல்லையைப் பற்றிப் பேசலாம். கிழக்கே ட்வீட் ஆறு, நடுவே செவியட் மலைகள், மேற்கே சால்வே கடற்கழி. வரைபடத்தில் பார்த்தால் இயற்கையே போட்ட கோடு மாதிரி தெரியும். ஆனா அது அப்படி இல்லைங்க.

மேற்கில் இருக்கும் கார்லைல் நகரையே எடுத்துக்குவோம். 1092-ல் ஆங்கிலேய அரசர் இரண்டாம் வில்லியம் அதைப் பிடித்தார். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அது ஸ்காட்லாந்து அரசர் முதலாம் டேவிட் கைக்குப் போனது. 1153-ல் அவர் இறந்ததே அந்த ஊரில்தான். நாலே வருஷத்தில் ஊர் மறுபடி இங்கிலாந்துக்குப் போய்விட்டது.

1237-ல் யார்க் உடன்படிக்கை வந்தது. இங்கிலாந்தின் வட மாவட்டங்கள் மீது தனக்கிருந்த உரிமைக் கோரிக்கையை இரண்டாம் அலெக்சாண்டர் கைவிட்டார். எழுத்தில் எல்லை முடிவாகிவிட்டது.

தரையில் முடியவில்லை. ட்வீட் ஆற்றின் வடகரையில் பெரிக் என்று ஒரு துறைமுக ஊர். 1296-ல் முதலாம் எட்வர்ட் அதைப் பிடித்தபோது ஊர்மக்களைக் கொன்று குவித்தார்கள். 1318-ல் ஸ்காட்லாந்து மீட்டது. 1333-ல் இங்கிலாந்து, 1461-ல் ஸ்காட்லாந்து, 1482-ல் திரும்பவும் இங்கிலாந்து. அதோடு கைமாற்றம் நின்றது. அதனால்தான் 'பெரிக்‌ஷயர்' என்ற மாவட்டம் ஸ்காட்லாந்தில் இருக்கிறது, பெயர் கொடுத்த ஊர் இங்கிலாந்தில் இருக்கிறது.

மேற்கே இன்னொரு சிக்கல். எஸ்க், சார்க் ஆறுகளுக்கு இடையில் ரெண்டு நாடும் உரிமை கேட்ட ஒரு வழக்கு நிலம். பகலில் யாரும் மாடு மேய்க்கலாம். பொழுது சாய்ந்தால் ஓட்டிக்கொண்டு போயிடணும். வீடு கட்டக் கூடாது. ஆனா ஆம்ஸ்ட்ராங், கிரகாம் குடும்பங்கள் அங்கேயே குடியேறி, இருபக்கமும் கொள்ளையடித்தார்கள். பிடித்தால் எந்த நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்துவது? 1552-ல் பிரெஞ்சுத் தூதரின் மத்தியஸ்தத்தில் அந்த நிலத்தைப் பிரித்து, குறுக்கே மண்கரை எழுப்பினார்கள்.

என் பார்வையில் விஷயமே இதுதான். எல்லை என்பது யார் நிலம் என்ற கேள்வி மட்டுமில்லை. திருடனை யார் விசாரிப்பது என்ற கேள்வியும்கூட. 1249-லேயே இரு தரப்பு வீரப்பிரபுக்களும் கூடி, எல்லை தாண்டிய குற்றங்களுக்கான வழக்கங்களை எழுதி வைத்தார்கள். போர்கள் நடுவில் குலைத்தாலும் அந்த ஏற்பாடு திரும்பத் திரும்ப உயிர் பெற்றது.

1603-ல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். இனி இது எல்லையே இல்லை, 'நடு மாவட்டங்கள்' என்றார். 1707-ல் நாடாளுமன்றங்களும் ஒன்றாயின. ஆனா ஸ்காட்லாந்தின் சட்டமும் நீதிமன்றமும் தனியாகவே நீடித்தன. காவலுக்கு ஆள் இல்லாமலேயே கோடு இன்னைக்கும் அங்கே இருக்கிறது.