தீர்க்கதரிசி: காண்பவரா, சொல்பவரா?

அப்பாவின் கழுதைகளைத் தேடி அலைந்த சவுலின் கதை 1 சாமுவேல் 9-ஆம் அதிகாரத்தில் வருகிறது. பக்கத்து ஊரில் தேவமனிதர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்கலாம் என்கிறான் வேலைக்காரன். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று சவுல் தயங்க, வேலைக்காரன் தன் கையில் கால் சேக்கல் வெள்ளி இருப்பதாகச் சொல்கிறான். அந்த இடத்தில் நூலாசிரியர் கதையை நிறுத்திவிட்டு ஒரு சொற்குறிப்பு எழுதுகிறார்: இன்று ‘நாபி’ எனப்படுபவரை முற்காலத்தில் ‘ரோஏ’ என்பார்கள். ரோஏ என்றால் காண்பவர். தொலைந்ததைக் கேட்கக் காணிக்கையோடு போகும் வழக்கம் அந்தப் பழைய பெயரோடு ஒட்டிவந்தது.

நாபி என்ற சொல்லுக்கு உறவான அக்காதிய வினைக்கு ‘அழைத்தல்’ என்று பொருள். அழைக்கப்பட்டவரா, அழைப்பவரா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் நாபியின் வேலை என்ன என்பதை யாத்திராகமம் 7:1 காட்டிவிடுகிறது. பார்வோன் முன் பேச மோசேக்கு நா எழவில்லை. அண்ணன் ஆரோன் உனக்கு நாபியாக இருப்பான் என்கிறார் கடவுள். ஆரோன் அங்கே வருங்காலம் எதையும் கண்டு சொல்லவில்லை. தம்பிக்கு வாயாக நிற்கிறார். கிரேக்கத்தில் ‘புரோஃபேத்தேஸ்’ என்று பெயர்த்தவர்களும் ஒருவர் சார்பில் எடுத்துரைப்பவர் என்ற பொருளைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

தமிழர் காதுக்கு இந்த எபிரேயச் சொல் புதிதல்ல. அரபியின் நபியும் எபிரேயத்தின் நாபியும் உடன்பிறப்புகள். உமறுப்புலவரின் சீறாப்புராணத்திலேயே நபி தமிழாகிவிட்டார். கிறிஸ்தவத் தமிழ் வடமொழி வழியே போய்த் ‘தீர்க்கதரிசி’யை எடுத்துக்கொண்டது. தீர்க்காயுசில் இருக்கும் அதே தீர்க்கம், நெடுந்தொலைவு காண்பவர். ஊர் வழக்கில் இருந்த குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம்பார்க்கிறவன் எல்லோரும் உபாகமம் 18-இன் விலக்குப் பட்டியலுக்குப் போய்விட்டார்கள். 1871-இல் ஹென்றி பவர் குழு முடித்த மொழிபெயர்ப்பு ‘தீர்க்கதரிசி’யைத் தலைமுறை தலைமுறையாக நிலைநிறுத்தியது. சொல் சபைக்கு வெளியிலும் உலவுகிறது. விடுதலை வருமுன்பே வந்துவிட்டதாகப் பாடிய பாரதியைத் தீர்க்கதரிசி என்கிறோம்.

கண்ணியமான சொல்தான். ஆனால் வாயை விட்டுக் கண்ணை முன்னே நிறுத்துகிறது. இன்று ‘தீர்க்கதரிசன ஊழியம்’ என்ற பெயரில் நடக்கும் கூட்டங்களில் விசா கிடைக்குமா, மகளுக்கு எப்போது வரன் அமையும் என்றுதான் பலர் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய கவலை உண்மையானது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் நிற்பது ரோஏயின் வாசலில். உலக முடிவுக்கு நாள் குறிப்பவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் தானியேல் புத்தகத்தைக் கணக்கிட்டு 1844 அக்டோபர் 22-இல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். மறுநாளும் வழக்கம்போல் விடிந்தது.

ஆமோஸைத் திறந்தால் வேறு உலகம். கி.மு. எட்டாம் நூற்றாண்டு, தெக்கோவா ஊர், ஆடுமாடும் காட்டத்திமரமும் அவர் பிழைப்பு. தான் நாபியுமல்ல, நாபியின் மகனுமல்ல என்கிறார். அவர் கண்டது தானியக் கடை. எப்போது ஓய்வுநாள் முடியும், எப்போது கடை திறக்கலாம் என்று தவிக்கும் வியாபாரி. குறைத்துவைத்த மரக்கால், கூட்டிவைத்த எடைக்கல், கள்ளத்தராசு, கோதுமையோடு விற்கப்படும் பதர். ஒரு ஜோடி செருப்பு விலைக்கு ஏழையையே வாங்கிவிடுகிறார்கள். மரக்கால் நம் அளவை; எபிரேயத்தின் ஏபாவை மொழிபெயர்ப்பாளர்கள் மரக்கால் என்று வைத்ததும் ஆமோஸ் கண்ட சந்தை நம் ஊர்ச் சந்தையாகிவிடுகிறது.

எதிர்காலம் நாபிகளின் பேச்சில் இல்லாமலில்லை. நாட்டுக்கு வரும் அழிவையும் சிறையிருப்பையும் சொன்னார்கள். ஏசாயா 53-ஐக் கிறிஸ்துவின் பாடுகளாகச் சபை தொடக்கம்முதல் வாசித்து வந்திருக்கிறது. நானும் அப்படியே வாசிக்கிறேன். ஆனால் முன்னறிவிப்பு எதற்கு என்பதற்கு யோனாதான் சாட்சி. நாற்பது நாளில் நினிவே கவிழும் என்றார். கவிழவில்லை. ராஜா சாம்பலில் உட்கார்ந்தான், ஊர் மனம் திரும்பியது, கடவுள் மனம் இரங்கினார். கணிப்பு என்று எடுத்தால் யோனா தோற்றவர். அந்தக் கோபத்தில்தான் நகரத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தார். அழைப்பு என்று எடுத்தால் அவரளவுக்குப் பலன் கண்டவர்கள் குறைவு.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘இறைவாக்கினர்’ என்று மாற்றியது. வாக்கு என்பதால் வாய் திரும்பவும் முன்னே வந்துவிட்டது. இதுவே பொருத்தம் என்பது என் துணிபு. பழைய வேதாகமத்தோடு வளர்ந்தவர்களுக்கு ‘தீர்க்கதரிசி’யின் ஓசை விடாது, விடவும் வேண்டாம். இறைவாக்கு உரைப்பதன் பயனைக் கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் பக்தி வளர்ச்சி, புத்திமதி, ஆறுதல் என்று மூன்றாகச் சொல்கிறார். நாள், தேதி அதில் இல்லை.

தினக்கூலியின் பாக்கியைப் பற்றியோ, கல்லறையிலும் பிரித்துவைக்கும் சாதியைப் பற்றியோ ஒருவர் பிரசங்க மேடையில் பேசினால், சபையில் அரசியல் வேண்டாம் என்பார்கள். பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா ஆமோஸிடம் சொன்னதும் அதுதான்: இது ராஜாவின் ஆலயம், யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள். ஆமோஸ் வாயை மூடவில்லை.