தீர்த்தமலை: புராணம் மறந்த ஓடை

கோடையில் அரூரிலிருந்து தீர்த்தமலைக்குச் செல்வோர் ஓடைகளைக் கடந்தே செல்வர், நீரைக் காணார். மணலும் சீமைக்கருவேலமுமே தெரியும். மலைமேலோ, தீர்த்தகிரீசுவரர் கோயிலின் பின்புறச் செங்குத்துப் பாறையிலிருந்து இராமர் தீர்த்தம் வீழ்ந்துகொண்டிருக்கும். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் இது.

இம்முரணுக்குத் தலபுராணத்தில் ஒரு விடை கிடைக்கிறது. இராமனின் வழிபாட்டுக்குக் கங்கைநீர் கொணரச் சென்ற அனுமன் தாமதிக்கவே, இராமன் அம்பெய்து பாறையில் நீர் வருவித்தான். பின்னர் வந்த அனுமன் வீசியெறிந்த நீர் தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமன்தீர்த்தம் ஆயிற்று. இக்கதையை நிலப்படமாக விரித்துப் பார்த்தோம். பாறைப் பிளவு, பேராறு என, நீர் நிலைக்கும் இரண்டு இடங்களையே அது குறிக்கிறது. இடைப்பட்ட சிற்றோடைக்குப் புராணம் எழுத எவரும் இல்லை போலும்!

மலையின் வெடிப்புகளில் இறங்கும் மழைநீர் மெல்லக் கசிவதால் தீர்த்தம் நீடிக்கிறது. ஓடையோ சில நாள்களிலேயே தன் நீரை ஆற்றிடம் ஒப்படைத்துவிடும். எனினும் வழியிலுள்ள ஏரிகளை நிரப்புவதும் கிணறுகளின் ஊற்றைக் காப்பதும் அதுவே. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலின்போது, அண்டையிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரிநீர் சாலையில் பாய்ந்து, நிறுத்தியிருந்த வாகனங்களை அடித்துச் சென்ற அன்றுதான், இப்பகுதியின் நீர்த்தடங்கள் எவை என்று நாம் கேட்கத் தொடங்கினோம்.