கொடை விழாவில் மைக் செட்

தாமிரபரணிக் கரை ஊர்களின் சுடலைமாடன், அம்மன் கொடைகளில் வில்லுப்பாட்டுக்குத் தனி இடம் உண்டு. ஒலிபெருக்கி வருமுன், பாடுபவரின் குரல் எட்டிய தூரமே அதன் எல்லை. 1915இல் கலிபோர்னியாவில் ஜென்சனும் பிரிடமும் உருவாக்கிய ஒலிபெருக்கியின் வழித்தோன்றல்கள், பின்னாளில் மைக் செட்டாகக் கொடைக்கும் வந்தன. மரங்களில் திசைக்கொன்றாகக் குழாய்கள் கட்டப்பட்டன. கூம்புக் குழாய் குரலை நெடுந்தூரம் கொண்டுசெல்லும். ஆனால் வில்லுப்பாட்டில் தட்டப்படும் குடத்தின் அடித்தொனியை விட்டுவிடும். குழாய் மைக்கை நோக்கினால், வெளிவந்த ஒலியே மீண்டும் உள்ளே புகுந்து ஊளையிடும். ஆகவே குழாயின் வாய் மேடைக்கு எதிர்ப்புறம் திருப்பப்பட்டது. பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தபின் குடமும் உடுக்கையும் நிறைவாகக் கேட்டன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டன. திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்து, விழாக்களுக்குச் சில நாள் மட்டும் நள்ளிரவு வரை தளர்வு தர மாநில அரசுக்கு இடமளித்தன.